தேதி தாண்டிய ஆட்டிறைச்சியும் எதிரெதிர் வீட்டு ஃப்ரீசர்களும்

“தேதி தாண்டிப் போச்சுங்க, சாப்பிடலாமா?”

நம் உறைந்த இறைச்சி நிறுவனத்தின் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் உட்கார்ந்த முதல் வாரத்திலேயே இந்தக் கேள்வி உங்களைத் தேடி வரும். தமிழில் வரும், மலாயில் வரும், ஆங்கிலத்தில் வரும், மூன்றும் கலந்தும் வரும். கேட்பவரின் கையில் உறைந்த இறைச்சிப் பொட்டலம் ஒன்று இருக்கும். கண் அந்தத் தேதியின் மேலேயே இருக்கும்.

நான் அடுத்த மாதம் வேறு வேலைக்குப் போகிறேன். பணி ஓய்வு பெறும் வயதுக்கு எனக்கு இன்னும் வெகுதூரம் இருக்கிறது. ஆனாலும் இந்த நாற்காலியிலிருந்து எனக்கு ஓய்வுதான். புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் மூவரும், “அக்கா, ஒரு பட்டியல் போட்டுக் கொடுத்துட்டுப் போங்க” என்று கேட்டீர்கள். பட்டியல் போடுவதில் எனக்கு இருக்கும் ஆசையை அறிந்துதான் கேட்டிருப்பீர்கள். சோதனை முறை, வெப்பநிலைப் பதிவு, மாதிரி எடுப்பது எல்லாம் கோப்பில் ஒழுங்காக இருக்கின்றன. இங்கே எழுதுவது கோப்பில் வைக்க முடியாதது.

முதலில் படித்த பாடத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

ஒன்று: இறைச்சி மைனஸ் பதினெட்டு டிகிரியில், இடையில் ஒருமுறைகூட இளகாமல் இருந்தால், அதில் கிருமி பெருகாது. சாகவும் சாகாது, தூங்கும்.

இரண்டு: அப்படி இருந்த இறைச்சியில் தேதி தாண்டிய பிறகு குறைவது ருசிதான். ஓரம் காய்ந்து வெளுக்கும், கொழுப்பு காறும். சாப்பிட்டவருக்கு வயிறு கெடுவதில்லை, சமைத்தவருக்குப் பெயர் கெடும்.

மூன்று: மேலே சொன்ன இரண்டும் ‘இடையில் ஒருமுறைகூட இளகாமல்’ என்பதை நம்பித்தான் நிற்கின்றன.

வியாபாரிகளுக்குப் பதில் சுலபம். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் ஓர் அண்ணன், மாதம் ஒருமுறையாவது என்னைக் கூப்பிடுவார். “டாக்டரம்மா, ஒரு பொட்டலத்துக்கு வயசாயிடுச்சு. அடக்கம் பண்ணிடவா?” என்பார். பண்ணிடுங்க அண்ணே என்பேன். விற்பனை என்று வந்துவிட்டால் தேதிதான் பேச்சு, அதற்கு மேல் நாம் யோசிக்க வேண்டியதில்லை. வீட்டில் சமைப்பவர்கள் கேட்கும்போதுதான் யோசிக்க வேண்டியிருக்கிறது. அவர்களிடம் தேதியை மட்டும் பார்த்துப் பதில் சொன்னால், பாதி நாள் நல்ல இறைச்சியைக் குப்பையில் போடச் சொல்வோம். மீதி நாள் அதைவிட மோசமானதைச் செய்வோம்.

நான் வேலையில் சேர்ந்தபோது இந்தப் பிரிவுக்குத் தலைவியாக இருந்த பெண்மணி ஒரு பொட்டலத்தைக் கையில் வாங்கினால் தேதி இருக்கும் பக்கத்தைப் பார்க்கவே மாட்டார். திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பார்ப்பார். காரணம் எதுவும் சொன்னதில்லை. ஆறு மாதத்தில் எனக்கும் கை தானாகத் திரும்பியது. அந்தப் பழக்கம் எனக்குத் தந்த ஒரு நாளைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு. தைப்பூசம் முடிந்து தேரும் திரும்பியிருந்தது. தண்ணீர்மலைச் சாலையில் பந்தல்களைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். உடைத்த தேங்காய்கள் புளித்த வாசனை காருக்குள் வரைக்கும் வந்தது. நம் கடைக் கவுண்டரில் கூட்டம் அலைமோதும் நாள் அது. மாதம் முழுக்க விரதம் இருந்த வீடுகளெல்லாம் ஒரே நேரத்தில் ஆட்டிறைச்சியை நினைத்துக்கொள்ளும். எனக்கு மேலே அலுவலகத்தில்தான் வேலை என்றாலும், அன்றைக்கு உதவிக்குக் கீழே நின்றிருந்தேன்.

இரண்டு பெண்மணிகள் ஒரு குளிர்ப் பையை ஆளுக்கொரு காதாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருவருக்கும் ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும். ஒருவர் நெற்றியில் திருநீறு, மற்றவர் கழுத்தில் சிலுவைச் சங்கிலி. வாசலைத் தாண்டும்போதே சண்டை போட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

“நீ பேசாம இரு. நான் கேக்கறேன்.”

“ஏன், எனக்கு வாய் இல்லையா?”

“உனக்கு வாய் மட்டும்தான் இருக்கு. அதான் பேசாம இருங்கறேன்.”

திருநீறு வைத்தவர் சரஸ்வதி அக்கா, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். சிலுவைச் சங்கிலி பிலோமினா அக்கா, ஒரு பல் மருத்துவமனையில் வேலை. கெலுகோரில் ஓர் அடுக்குமாடியில் எதிரெதிர் வீடு. இரண்டு கதவுகளுக்கும் நடுவே ஒரு நடைபாதைதான். இவ்வளவும் முதல் ஐந்து நிமிடத்தில், ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டியபடி அவர்கள் சொல்லித் தெரிந்தது.

அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. சரஸ்வதி அக்கா வீட்டில் தைப்பூச விரதம் தொடங்கினால், வீட்டில் இருக்கும் மீன், இறைச்சி எல்லாம் நடைபாதையைக் கடந்து பிலோமினா அக்காவின் ஃப்ரீசருக்குப் போய்விடும். தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளில் பிலோமினா அக்காவுக்குத் தவக்காலம் வரும். சாம்பல் புதன் முதல் ஈஸ்டர் வரை அவர் இறைச்சி தொடுவதில்லை. அப்போது அவர் வீட்டுச் சாமான்கள் அதே நடைபாதையைத் திரும்பக் கடக்கும். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலத்திலிருந்து இப்படித்தான்.

அந்த வருடம் சரஸ்வதி அக்காவின் மகன் காவடி எடுத்திருந்தார். முதல் கரு தங்கவில்லை, இரண்டாவது தங்கினால் காவடி என்று வேண்டுதல். மருமகளுக்கு அப்போது ஏழாம் மாதம். மறுநாள் இடும்பன் பூசை, அதோடு விரதம் முடிகிறது. மதியம் வீட்டில் ஆட்டுக் கறி விருந்து. விரதம் ஆரம்பிக்கும் முன்பே நம் கடையில் வாங்கிய ஆட்டிறைச்சி, பிலோமினா அக்காவிடம் பத்திரமாக இருந்தது. அன்று காலையில் அதை எடுத்து வந்து மேசையில் வைத்திருக்கிறார்கள். விருந்துக்கு முன்கூட்டியே வந்திருந்த சரஸ்வதி அக்காவின் நாத்தனார் பொட்டலத்தைப் பார்த்திருக்கிறார். தேதி விரதத்தின் நடுவிலேயே முடிந்திருந்தது.

“‘மாசமா இருக்கிற புள்ளைக்கு இதையா போடப் போறே?’ன்னு கேட்டாமா, என் நாத்தனாரு,” என்றார் சரஸ்வதி அக்கா. “மருமக ஒரு மாசமா கறிக்கு ஏங்கிக்கிட்டு இருக்கா. வாயைத் தொறந்து கேக்கல, ஆனா எனக்குத் தெரியாதா? நாளைக்கு அவ தட்டுல இதைத்தான் வைக்கணும்னு வாங்கினேன். வைக்கலாமா வேணாமா, அதை மட்டும் சொல்லுங்க.”

“அதோட விட்டாளா அந்த நாத்தனாரு?” என்றார் பிலோமினா அக்கா. “‘அடுத்த வீட்டு ஃப்ரீசர்ல வச்சா இப்படித்தான் ஆகும்’னு ஒரு பேச்சு. என் ஃப்ரீசரு! கல்லு மாதிரி உறைய வைக்கும் லா. மீனைத் தூக்கி அடிச்சா ஆளு விழுந்துடுவான்.”

“யார் மேல அடிக்கப் பாக்கறே?”

“உன் நாத்தனாரு மேலதான்.”

நான் பையைத் திறக்காமல், தேதியைப் பற்றி முதலில் சொன்னேன். அந்தத் தேதி எதற்காகப் போடுகிறோம், உறைந்தபடியே இருந்தால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று மேலே எழுதிய முதல் இரண்டு வரிகளையும் பேச்சுத் தமிழில் சொன்னேன். சில வாரம் தாண்டியதற்காக மட்டும் எறிய வேண்டியதில்லை என்றேன்.

சரஸ்வதி அக்காவின் தோள் இறங்கியது. பிலோமினா அக்காவின் தோள் ஏறியது.

“கேட்டியா? படிச்ச புள்ள சொல்லுது. இப்பவே உன் நாத்தனாருக்கு போன் போடு. ஸ்பீக்கர்ல போடு.”

இந்த இடத்தில் நிற்கவும், தம்பி தங்கைகளே. எதிரே இருப்பவர்கள் சந்தோஷப்பட்டுவிட்டார்கள். பின்னால் வரிசை நீள்கிறது. பாடம் சரியாகச் சொன்ன நிம்மதி நமக்கும் இருக்கிறது. நம் வேலையில் தவறான பதில்கள் பெரும்பாலும் இந்த நிம்மதியில்தான் வெளியே வருகின்றன.

“ஒரு தடவை பாத்துடறேன் அக்கா,” என்று பையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தேன். கை தானாகத் திருப்பியது.

நம்முடைய அந்த ஆட்டிறைச்சி உங்களுக்குத் தெரியும். துண்டுகளைத் தனித்தனியாக உறைய வைத்துத்தான் பையில் போடுகிறோம். குலுக்கினால் கூழாங்கல் மாதிரிச் சத்தம் வர வேண்டும். இது குலுங்கவில்லை. ஒரே கட்டி. அடிப்பக்கம் ஒரு மூலையில் இளஞ்சிவப்பாக ஒரு பனிக்கட்டித் தட்டு, விரல் தடிமனுக்கு. பை சாய்ந்து கிடந்தபோது தண்ணீர் எங்கே ஒதுங்குமோ அங்கே ஒதுங்கி, பிறகு உறைந்திருந்தது.

எப்போதோ இது முழுதாக இளகியிருக்கிறது. இளகி, சாறு வடிந்து, மறுபடி உறைந்திருக்கிறது. எத்தனை மணி நேரம், எவ்வளவு சூட்டில் என்பது எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி கேட்பதுதான்.

எப்படிக் கேட்பது? “உங்க ஃப்ரீசர் நின்னு போயிருந்துச்சா?” என்பதுதான் நாக்கு நுனிக்கு வந்தது. அப்படிக் கேட்டால் “இல்லை” என்று பதில் வரும் என்று தெரிந்தது. காலையில்தான் நாத்தனார் அதே குற்றச்சாட்டை வீசியிருக்கிறார். அதே கல்லை நானும் எடுத்து வீசினால் பிலோமினா அக்கா கதவைச் சாத்திக்கொள்வார். இன்னொன்றும் உண்டு, அது எனக்கு அப்போது தெரியாது: அந்த “இல்லை” உண்மையான பதிலாகவும் இருந்திருக்கும். அவர் ஃப்ரீசர் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

அதனால் ஃப்ரீசர் நின்றதா என்று கேட்காமல், அதில் என்னென்ன இருந்தது என்று கேட்டேன். “இந்த மாசம் உங்க ஃப்ரீசர்ல வேற என்னென்ன வச்சிருந்தீங்க அக்கா? ரொம்ப அடைசலா?”

“அடைசலா? தீபாவளிக்கு முதல் நாள் பாசார் கூட்டம் மாதிரி,” என்றார் பிலோமினா அக்கா, பெருமையோடு. “எங்க மீனு, இவ இறைச்சி, என் தங்கச்சி குடுத்த நண்டு. போதாததுக்குப் பந்தல் ஐஸ் வேற.”

“பந்தல் ஐஸா?”

“எங்க ஃப்ளாட்டுக்காரங்க தண்ணீர்ப்பந்தல் போடறோம்ல. ரோஸ் சிரப்புக்கும் மோருக்கும் ஐஸ் வேணுமே. கடை ஐஸ் பத்தாதுன்னு ஒவ்வொரு வீட்டுலயும் பாட்டில் பாட்டிலா உறைய வச்சோம். இந்த வருஷம் சரசு மகன் காவடி, நான் சும்மா இருப்பேனா? எங்க வீட்டுல இருந்துதான் அதிகமா ஐஸு போச்சு.”

“அப்போ இறைச்சி, மீனெல்லாம்?”

பிலோமினா அக்கா என்னைப் பார்த்த பார்வை, வகுப்பில் வேண்டாத கேள்வி கேட்ட பிள்ளையை ஆசிரியர் பார்க்கும் பார்வை.

“சாமிக்குப் போற ஐஸோட கறிய வைப்பேனா? நான் வேதக்காரிதான், அதுக்காக முறை தெரியாதா? எங்க மீனை எல்லாம் என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். இவ இறைச்சிய மட்டும் அனுப்ப மனசு வரல. என்னை நம்பிக் குடுத்தது, ஊர் சுத்தக் கூடாதுல்ல? ஒரு வெள்ளை நுரைப் பெட்டியில ஐஸ் கட்டி போட்டு, சமையக்கட்டுக்குப் பின்னால, வாஷிங் மெஷின் பக்கத்துல வச்சேன். ஃப்ரீசரைக் கழுவித் துடைச்சு, அப்புறம்தான் சாமி ஐஸ் உள்ள போச்சு. எல்லாம் முடிஞ்சதும் திரும்ப எடுத்து வச்சிட்டேன்.”

“எத்தனை நாள் வெளிய இருந்துச்சு அக்கா?”

“ரெண்டு நாள், ரெண்டரை நாள் இருக்கும். நடுவுல ஒரு தடவை ஐஸ் மாத்தினேன். அப்புறம் நாள் முழுக்கப் பந்தல்லயே நின்னுட்டேன், வீட்டுக்கு வரவே நேரம் இல்ல.”

நுரைப் பெட்டி, வாஷிங் மெஷின் பக்கம், பினாங்கு வெயில், ரெண்டரை நாள். பினாங்கில் பின்கட்டுச் சமையலறை பிற்பகலில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

சரஸ்வதி அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டார். அவருக்குப் புரிந்துவிட்டது. பிலோமினா அக்காவுக்குப் புரியவில்லை. அவர் இன்னும், வந்தவர்களுக்கெல்லாம் எவ்வளவு ஐஸ் போட்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நேரத்தில் வெளியிலிருந்து யாரோ ஹாரன் அடித்தார்கள். பிலோமினா அக்காவின் கார் பின்னால் இருந்த வண்டியை மறித்துக்கொண்டு நின்றது. “இதோ மாத்திப் போட்டுட்டு வரேன் லா, என்ன அவசரம்!” என்று சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அவர் கதவைத் தாண்டியதும் சரஸ்வதி அக்கா கவுண்டர் மேல் சாய்ந்து என் கையைப் பிடித்தார்.

“வேணாம்தானே?”

“வேணாம் அக்கா.”

“சரி, வேணாம். தூக்கிப் போட்டுடறேன். ஆனா அவகிட்ட தேதிதான் காரணம்னு சொல்லிடுங்கமா.”

“இப்பதானே தேதியால ஒண்ணும் இல்லேன்னு சொன்னேன்?”

“திரும்பப் பாத்தேன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டர்ல வேற மாதிரி போட்டிருக்குன்னு சொல்லுங்க. கம்ப்யூட்டர்னா நம்பிடுவா.” குரல் இறங்கியது. “நான் பெத்தவ ஒருத்திகூட என்னை இப்படிப் பாத்துக்கிட்டது இல்ல. மாசமா இருக்கிறது அவ மருமக இல்ல, பொறக்கப் போறது அவ பேரப்புள்ள இல்ல, ஆனா என் மகன் காவடிக்கு அவதான் பாலு காய்ச்சினா. இது தெரிஞ்சா அவ தாங்க மாட்டா. இனிமே என் சாமான் எதையும் கையால தொட மாட்டா. அப்புறம் தவக்காலம் வரும், அவளும் எங்கிட்ட எதையும் கொண்டுவர மாட்டா. எங்க ரெண்டு கதவும் சாத்திக்கும்மா.”

உண்மையைச் சொல்கிறேன்: அந்தக் கணத்தில் எனக்கு அந்தப் பொய் மிகவும் நியாயமாகத் தோன்றியது. பதில் ஒன்றேதான்: சாப்பிட வேண்டாம். பொட்டலம் குப்பைக்குப் போகப்போகிறது. காரணத்தை மட்டும் மாற்றிச் சொன்னால் யாருக்கும் காயமில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

நான் என் வழக்கப்படி மனதுக்குள் பட்டியல் போட்டேன். தேதி என்று சொன்னால், பிலோமினா அக்கா அடுத்த வருடமும் சாமி ஐஸுக்காக இறைச்சியை வெளியே எடுத்து வைப்பார். தேதி மட்டும் புதிதாக இருக்கும். அப்போது யாரும் கடைக்கு வந்து கேட்க மாட்டார்கள், நேராகச் சமைத்துவிடுவார்கள். அந்த வீட்டில் அப்போது ஒரு கைக்குழந்தை இருக்கும், பால் கொடுக்கும் தாய் இருப்பாள். இது ஒன்று.

இரண்டாவது, பட்டியலில் வராதது. பிலோமினா அக்கா நான் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னார். நான் கேட்டது ஒரு சாதாரணக் கேள்வி என்று நம்பிச் சொன்னார். அவரிடம் உண்மையை வாங்கிக்கொண்டு பொய்யைத் திருப்பிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

“அக்கா, நான் பொய் சொல்ல மாட்டேன்,” என்றேன். “ஆனா அவங்களைக் குத்தம் சொல்லவும் மாட்டேன். நீங்க பக்கத்துலயே நில்லுங்க.”

சரஸ்வதி அக்கா என் கையை விட்டார். கோபமாக விட்டார்.

பிலோமினா அக்கா திரும்பி வந்தார். “என்ன, ரெண்டு பேரும் நான் இல்லாதப்போ என்னைப் பத்திப் பேசினீங்களா?”

“ஆமா அக்கா,” என்றேன். அவர் சிரித்தார். நான் பொட்டலத்தைத் திருப்பிக் கவுண்டரில் வைத்தேன். தனித்தனியாக இருக்க வேண்டிய துண்டுகள் ஒன்றாகிவிட்டதையும், மூலையில் இருந்த சிவப்புப் பனிக்கட்டியையும் விரல் வைத்துக் காட்டினேன். “தேதியால இதுக்கு ஒண்ணும் ஆகல. நீங்க வச்சிருந்த வரைக்கும் ஃப்ரீசராலயும் ஒண்ணும் ஆகல. வெளிய இருந்த அந்த ரெண்டு நாள்ல இளகிடுச்சு. சாமிக்கு மரியாதைன்னு நினைச்சு எடுத்து வச்சீங்க, வேற யாரா இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பாங்க. ஆனா இதை நாளைக்குச் சமைக்க வேணாம்.”

“வாசம் ஒண்ணும் வரலையே?”

“உறைஞ்சிருக்கும்போது வராதுக்கா. குளிர் மறைச்சிடும்.”

“நல்லாக் கொதிக்க வச்சா? குக்கர்ல நாலு விசில் விட்டா?”

எல்லோரும் கேட்கும் கேள்வி இது, உங்களிடமும் கேட்பார்கள். “கிருமி செத்துடும் அக்கா. ஆனா அது பெருகும்போது விட்டுட்டுப் போற விஷம் சிலது கொதிச்சாலும் போகாது. இதுல இருக்கு, இல்லேன்னு என்னால இப்பச் சொல்ல முடியாது. சோதனைக்குக் குடுத்தா பதில் வர நாளாகும். விருந்து நாளைக்கு. சாப்பிடப் போறது ஏழு மாசப் புள்ளத்தாச்சி.”

பிலோமினா அக்கா கவுண்டர் பக்கத்தில் இருந்த நெகிழி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

“அப்போ நான்தான் கெடுத்தேன்,” என்றார்.

சரஸ்வதி அக்கா என்னை முறைத்தார். நான் அந்த முறைப்பை வாங்கிக்கொண்டேன். அவர் பயந்தது நடந்துகொண்டிருந்தது, நடக்க வைத்தது நான். ஒரு வார்த்தை சேர்த்துப் பேசி ஆறுதல் சொல்லலாம் என்று வாய் துடித்தது. பேசவில்லை. அந்த இடத்தில் பேச வேண்டியது நானல்ல என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. இதையும் குறித்துக்கொள்ளுங்கள்: சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு, நிறுத்தத் தெரிய வேண்டும்.

பேசியது சரஸ்வதி அக்கா. ஆறுதல் இல்லை, வெடித்தார்.

“உனக்கு மூளை இருக்கா பிலோ? என் ஃப்ரீசரு ஒரு மாசமா காலியாக் கிடந்துச்சுடி! ஒரு கறி இல்ல, ஒரு மீனு இல்ல. கழுவித் துடைச்சு, கோயில் மாதிரி கிடந்துச்சு. சாமி ஐஸை அதுல வச்சிருக்க வேண்டியதுதானே! நாலடி தூரம்!”

பிலோமினா அக்கா நிமிர்ந்து பார்த்தார். நானும்தான். நுரைப் பெட்டி, வெயில், கிருமி என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை. ஒரு நடைபாதைக்கு இந்தப் பக்கம் இறைச்சியை வெளியே எடுத்துவிட்டு ஐஸ் வைத்த ஃப்ரீசர், அந்தப் பக்கம் விரத வீட்டில் காலி ஃப்ரீசர்.

“எப்படிக் கேக்கறது?” என்றார் பிலோமினா அக்கா.

“வாயாலதான்!”

“விரதத்துல இருக்கிறவகிட்ட வந்து, ‘சரசு, உன் கறி என் ஃப்ரீசர்ல இருக்கு, அதனால ஐஸ் வைக்க முடியல, உன் ஃப்ரீசர குடு’ன்னு கேக்கவா? நீ குளிச்சிட்டுத் திருநீறு வச்சிக்கிட்டு உக்காந்திருக்கே. உன் முன்னாடி நின்னு கறின்னு ஒரு வார்த்தை சொல்லுவேனா நான்? உன் விரதம் கெட்டா யாரு பதில் சொல்றது?”

சரஸ்வதி அக்கா பதிலுக்கு வாயைத் திறந்தார். சிரிப்புதான் வந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் கண்ணில் தண்ணீர் வந்தது. “ஒரு மாசமா நான் ராத்திரி கனவுல கறிதான் பாத்தேன் டி,” என்றார். “நீ ஒரு வார்த்தை சொல்லித்தான் விரதம் கெட்டுடப் போவுதா?”

வரிசையில் நின்ற ஒரு சீனப் பாட்டிக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. அவரும் சிரித்தார்.

பிறகு நடந்தது வியாபாரம்தான். புதிய பொட்டலம் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அதை நான் குலுக்கிக் காட்டும் முன்பே பிலோமினா அக்கா என் கையிலிருந்து பிடுங்கி, காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார். யார் பணம் கொடுப்பது என்று ஒரு சண்டை நடந்தது, அதில் நான் தலையிடவில்லை. பழைய பொட்டலத்தை நானே வாங்கி, கழிவுக்குப் போக வேண்டியதோடு சேர்த்தேன்.

கிளம்பும்போது பிலோமினா அக்கா கேட்டார், “உன் நாத்தனாருக்கு என்ன சொல்லப் போறே?”

“தேதின்னு சொல்லிடுவேன். அவளுக்கு அது போதும்.”

நான் காதில் விழாத மாதிரி அடுத்தவருக்கு ரசீது போட்டேன். அது என் வேலைக்கு வெளியே இருந்தது.

மறுநாள் மாலையில் என் கைப்பேசிக்கு ஒரு படம் வந்தது. தட்டில் சோறு, பக்கத்தில் மிளகு கறுக்கத் தூவிய ஆட்டுக் கறிப் பெரட்டல். தட்டைப் பிடித்திருந்த கைகளில் வளையல் நிறைய. முகம் படத்தில் இல்லை. கீழே சரஸ்வதி அக்கா எழுதியிருந்தார்: “ரெண்டு தடவை போட்டுக்கிட்டா.” அந்தப் பெரட்டலைச் செய்தது யார் என்று எழுதவில்லை. சரஸ்வதி அக்கா வீட்டில் மிளகு அவ்வளவு போட மாட்டார்கள், எதிர் வீட்டில்தான் போடுவார்கள் என்பது பிறகு தெரிந்தது.

இதிலிருந்து நீங்கள் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பட்டியல் போட உட்கார்ந்தேன், அது ஒரு வரியோடு நின்றுவிட்டது: தேதியைக் கேட்பவரிடம் தேதியைச் சொல்லுங்கள், பிறகு பொட்டலம் எந்தெந்த இடத்தில் இருந்தது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவர் பெரும்பாலும் நல்ல மனதோடு ஏதோ செய்தவராக இருப்பார். கவனக்குறைவால் கெட்ட இறைச்சியை நான் பார்த்திருக்கிறேன். அதைவிட அதிகமாக, அக்கறையால் கெட்டதைப் பார்த்திருக்கிறேன். அக்கறையோடு செய்தவரிடம் விசாரணை நடத்தினால் உண்மை வராது. அவர் வீட்டுக் கதையை அவரே சொல்ல விட்டால் வரும். வந்த பிறகு அதை மழுப்பக் கூடாது.

அடுத்த வருடம் விரத மாதத்தின் நடுவில், நான் மாதிரிகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பிலோமினா அக்கா கூப்பிட்டார். பின்னணியில் ஒரு குழந்தையின் அழுகை கேட்டது.

“தங்கச்சி, பசியாறிட்டியா? ஒரு சங்கதி சொல்லணும். இந்த வருஷம் போயி கேட்டுட்டேன். கதவைத் தட்டி, நேரா அவ மூஞ்சியைப் பாத்துக் கேட்டுட்டேன். ஐஸெல்லாம் அவ ஃப்ரீசர்ல.”

“நல்லது அக்கா. அவங்க என்ன சொன்னாங்க?”

“‘தாராளமா வச்சிக்க, எப்ப வேணும்னாலும் வந்து கேளு’ன்னா. அப்புறம் கதவைப் பாதி சாத்திக்கிட்டு, மெதுவா, ‘ஆனா கறின்னு மட்டும் சொல்லாதடி, அந்தச் சாமான்னு சொல்லு, எனக்கு வாயில எச்சி ஊறுது’ன்னா.”